வெள்ளைக் கத்தியும் நாற்பது பேர் அவியலும்

தேங்காய்ச் சில்லும் வெள்ளை. செராமிக் கத்தியும் வெள்ளை. இதில் இருக்கிற ஆபத்து போன வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணி வரைக்கும் என் புத்தியில் ஏறவில்லை!

பெங்களூரிலிருந்து மகள் அனுப்பிய கத்தி அது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. மூன்று மாதமாகத் திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் அதற்கு நான்தான் விளம்பர ஏஜென்ட்.

இப்போதும் அடித்துச் சொல்கிறேன், தக்காளிக்கு அதைப்போல ஒரு கத்தி கிடையாது. நசுங்காமல், சாறு ஒழுகாமல், கண்ணாடித் தாள் மாதிரி விழும். மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போங்கள்... துரு இல்லை, கறை இல்லை. வெங்காயம் வெட்டிய கத்தியைக் கழுவி ஆப்பிள் வெட்டலாம், வாசனை ஒட்டாது. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட சாணைக்குப் போகவில்லை.

இவ்வளவு நல்ல கத்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவிடம் கொண்டுபோனேன்.

அக்கா வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். நாகர்கோவில் கைப்பக்குவம். அன்றைக்குக் கிழக்கேகோட்டையில் ஓர் அலுவலகத்துக்கு நாற்பது சாப்பாடு. முதல் நாள். பிடித்தால் தினமும் ஆர்டர், பிடிக்காவிட்டால் அத்தோடு சரி. பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்துவிடும்.

உதவிக்குப் போன நான் என்ன செய்தேன்? நம் வீடுகளில் எல்லோரும் செய்கிறதைத்தான். தேங்காய் மூடியில் கத்தி முனையை விட்டு, ஒரு நெம்பு. பத்தை பெயர்ந்து வரும். எட்டுத் தேங்காயையும் அப்படியே நெம்பி நெம்பிக் கொடுத்தேன். அக்கா மிக்ஸியில் அரைத்து அவியலில் சேர்த்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பச்சைத் தேங்காயெண்ணெயும் ஊற்றியாகிவிட்டது.

கத்தியைக் கழுவ எடுத்தேன். முனையைக் காணோம்!

இரும்பு வளையும்; தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இந்தச் சாதிக்கு வளையவே தெரியாது. ஒடியும். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு... எங்கே போயிற்று?

அக்கா கவனிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால்? கல் என்று யாராவது துப்பிவிடலாம். துப்பாமல் விழுங்கிவிட்டால்?

"அக்கா, அவியலை அனுப்பாதீங்க."

"ஏன், உப்பு கூடிப்போச்சா?"

கத்தியை நீட்டினேன். அக்கா முனையைப் பார்த்தார். அவியலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்பம் ஒடிஞ்சுது?"

"தெரியலையே. மிக்ஸி ஓடிட்டு இருந்துதுல்லா..."

"தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்கிட முடியுமாட்டி? மூணு மாசமா அந்தக் கத்தியத் தலையில வச்சு ஆடினியே!"

அவ்வளவுதான் திட்டு. அடுத்த நிமிஷம் நாற்பது பேர் அவியலும் பக்கெட்டில். அக்கா உடனே தோரனுக்கு, அதாவது பொரியலுக்கு, முட்டைக்கோஸை எடுத்துவிட்டார். அவருடைய பழைய இரும்புக் கத்தி தடதடவென்று ஓடியது. தேங்காய் மிச்சமில்லை. திருவனந்தபுரத்தில் தேங்காய் போடாத தோரன்! போலீஸில் பிடித்துக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

ஆட்டோ கிளம்பியதும் அக்கா அலுவலகத்துக்கு போன் போட்டார்.

"சாரே, இன்னு அவியல் இல்ல, கேட்டோ. கத்தியுடே முன ஒடிஞ்ஞு. அதில வீணோன்னு சம்சயம். முழுவனும் களஞ்ஞு."

முனை விழுந்திருக்குமோ என்று சந்தேகம், முழுவதையும் கொட்டிவிட்டேன்... அவ்வளவுதான். கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது என்று ஒரு சால்ஜாப்பு கிடையாது. எதிர்முனையில் ஒரு வறண்ட "செரி". வைத்துவிட்டார்கள்.

போச்சு என்று உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு போன் அடித்தது.

"சேச்சி, தோரன்ல தேங்கா இல்லல்லோ?"

"இல்ல சாரே..."

"நாளே இடணம். அவியலும் வேணம். நாற்பது பேருக்குத் தன்னே!"

நாளைக்குத் தேங்காய் போடவேண்டுமாம், அவியலும் வேண்டுமாம்! அக்கா தலையைத் தலையை ஆட்டினார், போனில்!

சாயங்காலம் காலித் தேங்காய்ச் சிரட்டைகளை அள்ளிச் சாக்கில் போட்டபோது ஒன்றில் ஏதோ மின்னியது. சிரட்டையின் விளிம்பிலேயே சொருகிக்கொண்டு, அந்த வெள்ளைத் துண்டு. அவியல் பக்கமே போகவில்லை!

"அக்கா... அவியல் நல்ல அவியல்தான். அநியாயமா கொட்டிட்டோம்."

"அது நமக்கு இப்பல்லாட்டி தெரியும்?" என்றார் அக்கா.

அந்தக் கத்தியை நான் தூக்கிப் போடவில்லை. முனை இல்லாவிட்டால் என்ன, தக்காளிக்கு இன்னும் அதுதான் ராஜா. தேங்காய், சேனை, பலாக்கொட்டை பக்கம் மட்டும் காட்டுவதில்லை. அதனதன் வேலைக்கு அதது.

"நாளைக்கும் ஒத்தாசைக்கு வரட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"வா. கைய மட்டும் கொண்டு வா!"