கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்ட ஃபோல்டர்

போன வாரம் பூப்பாறையில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்குப் புஷ்பம் மகளோடு வந்தார். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. கணவர் முருகேசன் தவறி நாலு வருஷம் ஆகிறது. மகளுக்கு அப்போது மூன்று வயது.

“அண்ணே, அவுக பேசுனது ஒண்ணு ஒங்ககிட்ட இருக்குல்ல? இந்தப் போன்ல ஏத்திக் குடுங்க. அப்பா குரல் எப்படி இருக்கும்னு புள்ள கேட்டுக்கிட்டே இருக்கு.”



இருந்தது. ஒரு கல்யாணத்தில் நான் எடுத்த பதினைந்து விநாடி வீடியோ. தேவையில்லாத துண்டு என்று கல்யாண வீடியோவில் சேர்க்காமல் வெட்டிவிட்டேன். முருகேசன் இறந்தபோது மாலை போட ஒரு படம் வேண்டுமே... அந்தத் துண்டிலிருந்துதான் முகத்தை எடுத்தேன். பிறகு அதை ‘மரணம்’ என்ற ஃபோல்டரில் போட்டு வைத்தேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். மழை பெய்தால் பயம், நின்றால் பயம். ஒரு டிஸ்க் போனால் ஊர்க் கல்யாணமெல்லாம் போய்விடுமே என்று, எட்டு டிஸ்க் போட்ட ரெய்டு பெட்டி வாங்கினேன். ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும். ஆனால் விண்டோஸ் இருந்த தனி டிஸ்க் இரண்டு முறை மண்டையைப் போட்டது. விண்டோஸையும் அந்த எட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று போன வருஷம் தோன்றியது.

என் பழைய கம்ப்யூட்டருக்கு, எட்டும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும் அவ்வளவு பெரிய டிஸ்க்கிலிருந்து ஸ்டார்ட் ஆகத் தெரியாதாம். தேனி மெக்கானிக் போனில் வழி சொன்னார் — எட்டையும் அழித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். முதலில் சின்னதாக ஒரு துண்டு, விண்டோஸுக்கு. மீதி பெரிய துண்டு, படங்களுக்கு. அழிக்கும் முன் எல்லாம் காப்பி எடுத்தாச்சா என்று மூன்று தடவை கேட்டார். ஆச்சு என்றேன்.

ஆகவில்லை.

காப்பி எடுக்க வாங்கிய புது டிஸ்க்கில் முதலில் சாவு ஏறக் கூடாது என்று நினைத்தேன். பொட்டு வைத்து, கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வரிசையாக ஏற்றினேன். ‘மரணம்’ கடைசியில் என்று விட்டேன். மூன்று நாள் ஓடிய காப்பியில் அது மறந்தே போனது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை இங்கிலீஷில் கேட்டது புரிந்துதான் ‘யெஸ்’ அழுத்தினேன். பிறகு அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களைத் தேடி எர்ணாகுளம் வரை பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையை விரித்துவிட்டார்கள்.

டிஸ்க் செத்தால் அதற்குப் பாதுகாப்பு வைத்திருந்தேன். என் விரலுக்கு? ஒரே அழுத்தில் எட்டும் சேர்ந்து அழிந்தன — அதிலென்ன ஒற்றுமை!

புஷ்பத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தார்.

“வெட்டுறப்ப நீங்க பல தடவ கேட்டிருப்பீகல்ல? என்ன பேசுனாகன்னு இவகிட்டச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“எங்கள ஏண்ணே எடுக்குறீக? நாங்க சாப்பிட வந்த ஆளுக. பொண்ணு மாப்பிள்ளைய எடுங்க.”

புஷ்பம் சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை என் முகத்தையே பார்த்தது.

“மாமா, அப்பா மாதிரி சொல்லுங்க.”

ஒரு வார்த்தைகூடக் குறையாமல் என்னிடம் இருக்கிறது... குழந்தை கேட்டது வார்த்தையை இல்லையே.