நிலம் இளகும்வரை

சென்ட் லோரன்ட் முதியோர் இல்லத்தில் நான் பராமரித்த அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்றுநான்கு வயது. ஞாயிறு பூசை முடிந்ததும் செபமாலையோடு ஜன்னலடியில் இருப்பா. மகன் வரும்வரை சாப்பிடமாட்டா. அவர் வருவது குறைவு.

"நான் குளிர்காலத்தில செத்தாலும் எரிக்கவேண்டாம் எண்டு மகனிட்டைச் சொல்லு பிள்ளை. கர்த்தர் கூப்பிடேக்கை முழு உடம்போட எழும்பவேணும். பனியில இறுகின நிலம் இளகுமட்டும் ஐஸ் அறையில கிடப்பன், பேந்து தாட்டால் போதும்" என்றா.

தை மாதம் அவ செத்துப்போனா. மகனிடம் சொன்னேன்.

"சித்திரையில நிலம் இளகுமட்டும் ஆர் தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்கிறது?" என்றார். அந்தக் கிழமையே எரித்தார்கள்.

இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மனிதர் வருவாரென்று எத்தனை ஞாயிறு அவவின் சோற்றைத் திரும்பத் திரும்பச் சூடாக்கியிருப்பேன்! அவருக்கு மூன்று மாதம் பொறுக்க முடியவில்லையாம்.