ஐந்து மாத நுரை

என் கணவரின் கன்னங்கள் முதலில் சிவந்தபோது, கூலன்ட் ஆயில் தெறித்த அலர்ஜி என்றே நினைத்தோம். ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். கூட வேலை செய்பவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "என்ன மாப்ள, மேக்கப் போட்டுக்கிட்டு ஷிஃப்ட்டுக்கு வர்றே? லிப்ஸ்டிக்கையும் பூசிக்க" என்றார். நானும் சிரித்தேன். காலையில் இவருக்கு விரல் மடங்காமல் சட்டைப் பட்டனை நான் போட்டுவிடுவதையும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு நுரை. அப்போது இரண்டு வயது மகளைக் கழிவறைக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கிருமி பயம் அதிகம். தினமும் இருவேளை லிக்விட் ஊற்றித் தேய்ப்பேன்.

"ஏம்மா, ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குது," என்றார் இவர்.

"நான் ஊத்தின லிக்விடுதான். நல்லா தண்ணி ஊத்திட்டு வாங்க. பாப்பா போற இடம்."

அடுத்த வாரமும் சொன்னார். "ஒரு மக்கு தண்ணி ஊத்த உங்களுக்குக் கை வலிக்குதா?" என்று கத்தினேன். வலித்துத்தான் இருக்கும், மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். ஐந்து மாதம்.

முகமும் பாதமும் வீங்கிய பிறகு பெங்களூர் போனோம்.

"லூபஸ். உடம்பே தன்னைத் தாக்கிக்கிற நோய்," என்றார் டாக்டர். "பெரும்பாலும் பெண்களுக்கு வர்றது. அதனால ஆம்பளைங்ககிட்ட யாரும் தேடறதில்ல. அவங்களுக்கு வந்தா கிட்னியைப் பலமா அடிக்கும். யூரின்ல நுரை எப்பலேர்ந்து?"

இவர் என்னைப் பார்க்காமல், "கவனிக்கல சார்," என்றார்.

நான் திருத்தவில்லை. சொல்லியிருந்தால் மருந்து மாறியிருக்குமா? இன்றுவரை யாரையும் கேட்கவில்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து மாமியார் போன் செய்தார். "பொம்பளைங்க நோயாமே. உனக்கு வர வேண்டியது எம்புள்ளைக்கு வந்துடுச்சு." சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு வைத்தேன். நுரை விஷயம் அவருக்குத் தெரியாது.

மாத்திரைகளும் ஊசிகளும் கன்னத்துச் சிவப்பைத்தான் ஆற்றின. சிறுநீரகங்கள் மீளவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்குச் சிறுநீர் அநேகமாக வருவதே இல்லை. லிக்விட் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டேன். மகள் போய்வந்ததும் குனிந்து பார்க்கிறேன். வெறும் பீங்கானில் எது தெரிந்தாலும் தெரியட்டும் என்று.

நேற்றும் அப்படிக் காத்து நின்றேன். உள்ளே போன மகளிடம், கட்டிலில் படுத்தபடியே அவர் குரல் கொடுத்தார்:

"நல்லா தண்ணி ஊத்திட்டு வா பாப்பா. அம்மா திட்டுவா."