லா ஷப்பலில் நான்கு இரவுகள்: ஜன்னலோர ஸ்டூலில் இருந்த டீ

ஒசாகாவில் எங்கே தங்கலாம் என்று நான் எழுதிய பதிவைப் படித்துவிட்டு, "பாரிஸுக்கும் இப்படி ஒன்று எழுதுங்களேன்" என்று பலர் கேட்டார்கள். இத்தனை நாள் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். ஒசாகாவில் பெட்டி மாதிரி இருந்த அறைக்குள் நிம்மதியாகக் குறட்டை விட்டவள் நான். பாரிஸில்தான் தூக்கம் போனது. சரி, எழுதிவிடுகிறேன்.

2018 அக்டோபர். அலுவலக வேலையாக பிரஸ்ஸல்ஸ் போயிருந்தேன், அப்படியே நான்கு நாள் லீவு போட்டுவிட்டு பாரிஸ். எனக்கு வேண்டியது மூன்றே விஷயம்: ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை, அமைதி, ஒருவேளையாவது சோறு. தோழி ஒருத்தி தனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள். ஓர் இரவுக்கு 40 யூரோ. கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம். லா ஷப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வட கோடியில் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது, மரப்படி. முட்டி வலி உள்ளவர்கள் இத்தோடு வேறு பதிவுக்குப் போய்விடலாம்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் கதவைத் திறந்தவர், என் பின்னால் வேறு யாரோ வருவதுபோல் படிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறை சுத்தம். வெளியே நீளமான நடை, அதன் கோடியில் ஒரு ஜன்னல், ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். எதிரே அக்காவின் அறை. அது எப்போதும் சாத்தியே இருந்தது. கதவிடுக்கில் பகலிலும் மஞ்சள் வெளிச்சம், சாம்பிராணி வாசனை. வாசலில் ஆண்பிள்ளை செருப்பு ஒரு ஜோடி. கணவர் வேலைக்குப் போயிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் ஊரில் டீக்கு அதுதான் பெயர். டீயே தொடமாட்டேன், காபிதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், ஜன்னலோர ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளர் நிறையப் பால் டீ, ஆவி பறக்க! அக்கா வீடுகளைத் துடைக்கும் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். வைத்ததைக் குடிக்காவிட்டால் மனசு சங்கடப்படுமே என்று, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே வைத்தேன். வியாழனும் அதே. வெள்ளியும் அதே. நம்ம ஊர் மரியாதை, வேறென்ன.

பகலில் சுற்றினேன். லா ஷப்பல் மெட்ரோவில் இரண்டாம் நம்பர் லைன் பிடித்தால் மொன்மார்த்ருக்கு இரண்டே ஸ்டாப். மதியச் சாப்பாடு ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில், 8 யூரோவுக்கு வயிறு முட்ட. வெள்ளியன்று அங்கே ஒரு மளிகைக் கடையில் வாழைப்பழம் வாங்கினேன். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது.

"அந்த வீட்டிலையோ நிக்கிறியள்?"

இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டார். காசு வாங்கவில்லை. தலைமாட்டில் வையுங்கோ என்றார், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் அக்காவிடமே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. கணவர் இறந்து மறுநாளோடு முப்பத்தொரு நாள், அந்தியேட்டி என்கிற சடங்கு. இறந்த அன்று காலையில் அவர் ஒரு தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அக்காவுக்கு மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது. நீங்களே போட்டுக் குடியுங்கோ என்று எரிந்து விழுந்துவிட்டு ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது மனிதர் அந்த ஜன்னலடியில், ஸ்டூலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். அதிலிருந்து தினமும் ஸ்டூலில் டீயைப் படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது வழக்கமாகிவிட்டது. படைத்தால் பார்க்கக்கூடாதாம். தனியாக இருக்கப் பயந்துதான் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"இத்தனை நாளும் ஆடை படிஞ்சு அப்பிடியே கிடந்தது, பிள்ளை. நீங்கள் தேத்தண்ணி தொடமாட்டியள்தானே. மூண்டு நாளா அவர் வந்து குடிச்சுப்போட்டுப் போறார்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

செத்தவர் விழுந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அவருக்கு வைத்ததை மூன்று நாள் குடித்திருக்கிறேன்! சொல்லாமல் இருப்பது பாவம், சொன்னால் இந்த மனுஷி உடைந்துபோவார். இரவெல்லாம் புரண்டு, காலையில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை ஆறரை. டீ இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவின் கதவைத் தட்டப் போனேன். தரைப்பலகை கிறீச்சிட்டது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ... வந்திட்டீங்களோ?"

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். டம்ளர் சுட்டது.

"அண்டைக்கு அப்பிடிச் சொன்னது பிழைதான். என்னில கோவமில்லையெண்டால் பேணியைக் கவிட்டு வையுங்கோ. நான் பாக்கமாட்டன்."

அழுகை வந்தது. டீயை ஒரே மூச்சில் குடித்தேன். டம்ளரை ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் நடையில் அக்கா விம்முவது கேட்டது. மதியம் பொபினியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா வயிறாரச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். இறந்தவர் படத்தின் முன் நானும் விழுந்து கும்பிட்டேன். தலையை நிமிர்த்தி அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: லா ஷப்பல் தங்க நல்ல இடம். தெருப் பக்கத்து அறை வேண்டாம், இரைச்சல் தாங்காது. முற்றத்துப் பக்கம் கேளுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் கையில் தராத எதையும் குடிக்காதீர்கள்.

அக்கா இன்னமும் எப்போதாவது போன் பண்ணுவார். உண்மையை நான் இதுவரை சொல்லவில்லை. அவர் கணவர் கொடுக்கவேண்டிய மன்னிப்பை நான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அந்த மனிதருக்கு அதில் சம்மதமா என்று யாரிடம் கேட்பது? போன மாதம் பேசியபோது அக்கா சொன்னார்:

"நீங்கள் போனதுக்குப் பிறகு வீட்டில ஒரு அசுமாத்தமும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை, பிள்ளை. அவர் உங்களோடயே வந்திட்டார் போல கிடக்கு."