ஹாண்டில் திருப்பி அடிக்கவில்லை

புதன்கிழமை நான்காவது பாடவேளையில் ஏழாம் வகுப்புப் பெண்களுக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி ஆயா வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, நம்ம ரூபி டீச்சரு பூட்டாங்களாம்.”

“பெட்ரோல் ரேஷன் கூப்பன் ஆபீசுக்குத்தானே? மத்தியானம் வந்துவிடுவார்” என்றேன்.

“அய்ய, இன்னா டீச்சரம்மா நீ! உசுரு பூட்சும்மா. கூப்பன் வரிசையிலயே உக்காந்தாங்களாம். தண்ணி கேட்டாங்களாம். சொம்பு வர்றதுக்குள்ள ஆள் இல்ல.”

கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை நான் முடித்தேன். விடை சரியாக வந்தது. அதன் கீழே கோடும் போட்டேன். பிறகுதான் வகுப்பை விட்டு வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு அவருடன் காபி குடித்திருந்தேன். “சாயங்காலம் சீக்கிரம் வா, வண்டி பிரேக்கைப் பார்த்துடலாம்” என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

இந்தப் பள்ளியில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று மாலைக்குள் பூந்தமல்லி முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. பொம்பளை ஓட்டிய வண்டி கவிழ்ந்ததாம், ஆள் நசுங்கிவிட்டதாம். அவருடைய தம்பியின் பட்டறை வாசலில் ரத்தக் கறையைத் தேடி வந்தவர்களை நானே பார்த்தேன். அவர் கட்டிக்கொண்டிருந்த மோட்டார் வண்டி அன்று எங்கேயும் போகவில்லை. முன்சக்கரம் இரண்டும் கழற்றிய நிலையில் செங்கல் அடுக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. ரூபி டீச்சர் நடந்துதான் போனார்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஐயப்பன்தாங்கலில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முழுதும் முடித்ததும் நான்தான், பி.ஏ. எழுதியதும் நான்தான். அதனால் பேச்சு வந்துவிடவில்லை. ஆசிரியைகள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். மூன்றாவது வாரம், டிரில் வகுப்பு முடித்து வியர்வையோடு வந்த ரூபி டீச்சர் என் மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“கையெழுத்து அச்சு மாதிரி கீதே! உன் பேரு என்ன?”

“கோமளா.”

“கோமளா, உன்னைப் பேசச் சொல்ல மாட்டேன். எழுதினாப் போதும். சாயங்காலம் எங்க பட்டறைக்கு வா.”

டிரங்கு ரோட்டின் மேல் அவருடைய தம்பி டானியல் நடத்தும் லாரிப் பட்டறையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பக்கக் கொட்டகையில் ஒரு பழைய அமெரிக்க மோட்டார் கார் நின்றது. யாரோ ஒரு பண்ணைக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டிலில் கோழிகள் முட்டையிட்டுக் கொண்டிருந்த கார் அது. ரூபி டீச்சர் அதன் கூரையை எடுத்தார். மட்கார்டு, ஏறும் படி, பின்சீட்டு, கதவு எல்லாவற்றையும் கழற்றினார். அச்சை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தினார். சண்டை முடிந்து ஆவடி ராணுவக் கிடங்கில் வேண்டாத சாமான்களை ஏலம் விட்டபோது, தரகர்கள் கூட்டத்தில் ஒற்றைப் பெண்ணாக நின்று லாரி எஞ்சின் ஒன்றை எடுத்தார். எட்டு சிலிண்டர். ஏலம் விட்ட வெள்ளைக்காரர் அவரை நர்ஸ் என்று நினைத்து, ஆஸ்பத்திரிக் கட்டில்கள் அடுத்த கொட்டகையில் இருப்பதாகச் சொன்னாராம்.

எஞ்சினைச் சுற்றி அடைத்திருந்த காகிதங்களில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் பக்கங்கள் இருந்தன. அந்த ஊர் இளைஞர்கள் பழைய காரை இப்படித்தான் உரித்துப் பெரிய எஞ்சினை வைத்து ஓட்டுகிறார்கள் என்றும் அதற்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர் என்றும் அதில் போட்டிருந்தது. நான் படித்துச் சொன்னதும் ரூபி டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னைக் கேக்காம இவனுங்களும் செய்யறானுங்களா?” என்றார்.

ரோட்டில் போகிறவர்கள் நின்று கேலி செய்வார்கள். “இன்னாம்மா, சட்டையே போடாத வண்டி? மழை வந்தா இன்னா பண்ணுவே?” என்று ஒருவர் கேட்டார்.

“நனைவேன் நைனா” என்றார் ரூபி டீச்சர், தலையைத் தூக்காமல்.

“வேண்டாததைக் கழட்டு, மீதி தானா ஓடும்” என்பது அவர் அடிக்கடி சொல்வது. நம் பள்ளியின் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலைப் பார்த்தும் அதையே சொன்னார். தலைமையாசிரியை அம்மாவுக்கு நினைவிருக்கும்.

என் வேலை நோட்டுப் புத்தகம். வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாக நான் கூப்பிட வேண்டும். அவர் அதைத் தொட்டுப் பார்த்து “உள்ளேன் அம்மா” என்பார். ஏதாவது தொளதொளத்தால், முனகினால், ஒழுகினால் குறை என்ற பத்தியில் எழுதுவேன். டானியல் அண்ணன் சரிசெய்ததும் எதிரே ‘சரி’ என்று போடுவேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு இந்த வருகைப் பதிவு நடக்கும். “ரெண்டு வாத்திச்சிங்க கையில மாட்டிக்கினு இந்த எஞ்சின் படற பாடு! ராணுவத்துலயே நிம்மதியா இருந்திருக்கும்” என்பார் டானியல் அண்ணன்.

அந்த வண்டியில் பெங்களூருக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, வேலூரில் அவருடைய சித்தி வீட்டில் ஓர் இரவு, பிறகு கிருஷ்ணகிரி, ஓசூர். பெரிய எஞ்சினுக்குச் சின்ன ரேடியேட்டர் என்பதால் ஆறேழு மைலுக்கு ஒருமுறை தண்ணீர் கொதித்துவிடும். ஆகவே எங்கள் பயணத் திட்டம் ஊர்களின் பட்டியலாக இல்லை, கிணறுகளின் பட்டியலாக இருந்தது. வழியில் உள்ள கிணறுகளை யாரிடமாவது விசாரித்து வா என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் நான் எப்படிக் கேட்பேன்? என் அப்பாவிடம் கேட்டேன். வைக்கோல் வண்டி ஓட்டிப் பாதி ரோடு அவருக்கு மனப்பாடம்.

“அந்தச் சத்திரத்துக் கெணறு வேணாம்மா. உப்பு. மாடு மூந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கும்” என்றார் அப்பா. இன்னொரு கிணற்றைச் சொல்லிவிட்டு, “அதுல உங்க டீச்சரம்மாவ மொள்ள உடுவானுங்களா, தெரியல. வேதக்காரங்க, ஏசுசாமி கும்புடறவங்கன்னு சொல்லாத” என்றார்.

அதையும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். ரூபி டீச்சர் படித்துவிட்டு, “மாடு குடிக்காததை என் வண்டிக்கும் ஊத்த மாட்டேன். ரெண்டாவது கெணத்துல நீ எறங்கி மொள்ளு, நான் குல்லா போட்டுக்கினு டிரைவர் மாதிரி உக்காந்துக்கறேன்” என்று சிரித்தார். பிறகு என் அப்பாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த எஞ்சினுக்கு நல்ல பாட்டரி கிடைக்கவில்லை. முன்னால் ஹாண்டிலைச் செருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். நெருப்புப் பொறி சற்று முந்திவிட்டால் ஹாண்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கையில் அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள்கூட உண்டு. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, ரூபி டீச்சர் ஹாண்டிலைப் பிடித்தவர் சட்டென்று விட்டுவிட்டு, இடது தோளை அழுத்திக்கொண்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“என்ன டீச்சர்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. ஹாண்டில் திருப்பி அடிச்சிடுச்சி. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேசத் தெரியாதவர்களுக்குப் பார்க்கத் தெரியும். ஹாண்டில் சுற்றவே இல்லை. அவர் கை வைத்தபோது எப்படித் தொங்கியதோ, விட்டபோதும் அப்படியே தொங்கியது. மேலும் அவர் சுற்றுவது வலது கையால். வலித்தது இடது தோள். இவ்வளவும் அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. வயதில் பெரியவர், வண்டியைப் பற்றி எல்லாம் அறிந்தவர், அவரே ஹாண்டில் அடித்தது என்கிறார். நான் இல்லை என்பதா என்று இருந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து நம் பள்ளி மாடிப்படியில் பாதியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டார். “அன்னிக்கு அடிச்ச அடி இன்னும் போகலை பாரு” என்றார். நான் அவருடைய நோட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை உடலைப் பார்த்த டாக்டர், இருதயம் நின்றுவிட்டது என்றார். நாற்பத்திரண்டு வயதுக்கு இது ரொம்பச் சீக்கிரம் என்றும் சொன்னார். பிறகு சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, “கொஞ்ச நாளாக இடது கையில், தோளில் வலி என்று யாரிடமாவது சொன்னார்களா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு பட்டறைக்குப் பின்னால் போனேன். டானியல் அண்ணன் சம்மட்டியை வைத்துக்கொண்டு வண்டிக்கு எதிரே குந்தியிருந்தார். ஊர் வாயை மூட முடியவில்லை என்றும் மறுநாள் வண்டியை உடைத்து இரும்புக்குப் போட்டுவிடப் போவதாகவும் சொன்னார். நான் நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். நின்றுகொண்டே, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் வாழ்நாளில் நான் ஒருவரிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை.

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“எங்கிட்டயும் அதேதான் சொல்லிச்சி. ஹாண்டில் அடிக்குதுடா, பாருன்னுச்சி. நானும் பாத்தேன். பொறி வுடற டைமிங் கரீட்டாதான் கீது. இருந்தாலும் அக்கா சொல்லுதேன்னு ரெண்டு மயிரளவு பின்னாடி தள்ளி வெச்சேன். பாரு, நீ ‘சரி’ன்னு போட்டுக்கீற.”

ஆமாம், போட்டிருந்தேன். ஹாண்டில் திருப்பி அடிக்கிறது. அதற்கு எதிரே, என் கையெழுத்தில், சரி. அவருடைய நெஞ்சில் இருந்த நோய்க்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எஞ்சினைப் பழுது பார்த்திருக்கிறோம்.

“கொஞ்சம் சக்திகூட கொறஞ்சி போச்சி எஞ்சின்ல” என்றார் டானியல் அண்ணன். “அக்கா மறுநாளே கொட்டகையில வெச்சி முடுக்கிப் பாத்துட்டு கேட்டுச்சி, ஏன்டா இழுவை கம்மியா கீதுன்னு. உன் கைக்காகத்தான்னேன். சரிடான்னுச்சி.” அப்போதுதான் அவர் அழுதார். பிறகு சம்மட்டியைத் தூர வைத்துவிட்டுக் கழற்றி வைத்திருந்த சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். “அந்தப் பக்கம் புடிம்மா” என்றார். பிடித்தேன். வண்டி இப்போது நான்கு சக்கரத்தில் நிற்கிறது. ஊரில் உங்களிடம் யாராவது வண்டிதான் கொன்றது என்று சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அந்த வண்டி ரோட்டில் ஓடியது ஒரே ஒரு முறை. ஒரு சனிக்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரம், பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரை. டானியல் அண்ணன் பின்னால் ஒரு கோணிப்பையின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தேன். மட்கார்டு இல்லாததால் ரோட்டின் சேறெல்லாம் எங்கள் மேல்தான். மாட்டு வண்டிக்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்தார்கள். திருமழிசைக்குச் சற்று முன்னால் எஞ்சினைக் குளிர வைக்க ரூபி டீச்சர் வண்டியை நிறுத்தினார். அவர் முகத்தில் பல்லைத் தவிர எல்லாம் சேறு.

“பயந்துட்டியா கோமளா?”

யார் என்ன கேட்டாலும், கேட்டவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இல்லை. ரொம்ப மெதுவா ஓட்டினீங்க” என்றேன்.

ரூபி டீச்சர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாடா? மெதுவாவாம்! இந்த ஊமக் கோட்டான் சொல்லுது, மெதுவாவாம்!” ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார். திரும்பி வரும்போது அவர் மெதுவாக ஓட்டவில்லை. நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மனத்தில் தோன்றியதை அந்தக் கணமே அவரிடம் நான் சொன்னது அந்த ஒரு முறைதான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் காலை. அதே வாய், இரண்டு வாரம் கழித்து, அவர் தோளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மூடிக்கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.