பாலம் பிரிக்கிற நாள்

துணி விற்கிறவள் நான். முழம் போடும்போது ஒரு விரற்கடை ஒளிப்பேன், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் மட்டும் ஒரு விரற்கடைகூடக் கூட்டவில்லை. சந்தேகம் இருந்தால் என் முழங்காலைத் தொட்டுப் பார்க்கலாம். தழும்பு பொய் சொல்லாது.

என் பெயர் குந்தியா. மீகாங் ஆற்றின் நடுத்தீவில் வீடு. கண்ணில் நடுப்பகுதி முழுக்கப் புகை. ஓரத்தில்தான் கொஞ்சம் வெளிச்சமும் நிழலும். வெயில் காலத்தில் தீவுக்கு மூங்கில் பாலம் போடுவார்கள். கரைப்பாதையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மழை தொடங்கினால் பாலத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்போது வலப்பக்கம் போய்ப் படகு ஏற வேண்டும். கண்ணுள்ளவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். நான் தப்பாகத் திரும்பினால் நேராக ஆறுதான்.

அதனால் பாலக்காரன் சம்பாத் வருஷா வருஷம் முந்தின நாளே கடைக்கு வந்துவிடுவான். "அக்கா, நாளைக்குப் பிரிக்கிறேன். அப்புறம் மீனுக்குத் துணி விக்கப் போயிடாதீங்க." சொல்லாமல் பிரிக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பன்னிரண்டு வருஷம் தவறியதில்லை.

அன்று மே 19. காலை 5.30க்குப் பாலத்தில்தான் இக்கரைக்கு வந்தேன். மாகாண ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு வேனில் திரும்பி இறங்கியபோது மாலை 4.50. மேற்கே இடி. மழைக்கு முன் வீடு சேர வேண்டும்.

முந்தின நாள் சம்பாத் வந்து எதுவும் சொல்லியிருக்கவில்லை. இடப்பக்கம் திரும்பினேன்.

கரையில் ஆளே இல்லை. கரும்புச்சாறு வண்டியின் மணிகூட இல்லை…

கோலின் ரப்பர் நுனியால் தட்டினேன். டொக்… டொக். மூங்கில்தான். ஏறினேன்.

அக்கரைக்கு 618 காலடி. எண்ணித்தான் நடப்பேன்.

நாற்பதில்… வழக்கமான கிறீச் சத்தம் வரவில்லை.

நூறில்… செருப்பைத் தாண்டி மூங்கில் சில்லிட்டது.

இருநூறில்… ஆற்றின் இரைச்சல் காலுக்குக் கீழே இல்லை. என் காதுக்கு நேராக இருந்தது.

பேசும் கடிகாரத்தை அமுக்கினேன். 5.07.

212.

முன்னாலிருந்து ஒரு கை கோலின் நுனியைப் பற்றியது. இழுத்தேன். முகத்தில் அறை விழுந்தது. உதடு கிழிந்தது.

வழிப்பறி என்று நினைத்துப் பையை நீட்டினேன். வாங்கவில்லை.

தலைமுடியைப் பிடித்துக் கவிழ்த்தான். வந்த வழியே இழுத்தான். முழங்கால் மூங்கிலில் தேய்ந்து கிழிந்தது. கோலை வீசி அடித்தேன். அவன் மண்டையில் பட்டது. ஈரமான சத்தம்…

மணிக்கட்டைக் கடித்தேன்.

வாயில் சேறு. ரத்தம் வரவில்லை.

காதருகே குரல்.

"பிரிச்சாச்சு அக்கா."

படகுக்காரன் மாவ் என்னைக் கரைச்சேற்றிலிருந்து தூக்கியபோது 5.31. பாலத்தில் எவனோ அடித்தான் என்றேன்.

"எந்தப் பாலம் அக்கா? பத்து மணிக்கே வெள்ளம் வந்துடுச்சு. சம்பாத் அண்ணன் அவசரமா பிரிக்கப் போனாரு. பாலமும் போச்சு, அவரும் போயிட்டாரு. ரெண்டு மணிக்குத்தான் உடம்பு கிடைச்சுது. ஊரே புத்த விகாரையில அவரைச் சுத்தி உக்காந்திருக்கு."

என் முழங்காலிலிருந்து நர்ஸ் ஏழு மூங்கில் சிராய் எடுத்தாள். அந்த 212 அடியும் நான் எதன் மேல் நடந்தேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் சம்பாத்தின் மனைவி வந்தாள். குளிப்பாட்டும்போது அவன் வலது கை இறுக மூடியிருந்ததாம். வெந்நீர் ஊற்றித்தான் திறந்தார்களாம். உள்ளே இருந்ததை என் உள்ளங்கையில் வைத்தாள்.

தடவிப் பார்த்தேன். என் கோலின் நுனியில் இருந்த ரப்பர் மூடி.

அவன் மணிக்கட்டில் பல் தடம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.