உப்புக் கொட்டகையில் ஒரு சிவப்பு வண்டி

2005ஆம் ஆண்டு அக்டோபர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, மரக்காணத்து உப்பளங்களின் நடுவே இருந்த ஓர் ஓலைக் கொட்டகையில், பதினேழு ஆண்டுகளாக ஓர் அங்குலமும் நகராத ஒரு காருக்கு ஆயுத பூஜை நடந்தது. எமகண்டம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. மண்வெட்டிகளுக்கும், உப்பு வாரும் பலகைகளுக்கும், நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்து முடித்த அத்தை, கடைசியாக அந்தச் சிவப்புக் காரின் இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் குங்குமத்தை அழுத்தினார். பிறகு, காற்றிழந்து தரையோடு படிந்திருந்த டயர்களுக்கு முன்னால் டயருக்கொன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு அத்தை எலுமிச்சம்பழம்?" என்று கேட்டேன்.

"ஓடுறது எப்படியும் ஓடிடும். ஓடாததுக்குத்தான் நாம எதுனா செய்யணும்" என்றார்.

மலேசியாவில், என் ஊரான கிள்ளானில் இதை வாசிப்பவர்களுக்கு என் திகைப்பு புரியும். என் அப்பாவின் கார் உதிரிபாகக் கடையில் முழுக் காரை நான் பார்த்ததே குறைவு. ஜப்பானிலிருந்து கப்பலேறி வரும் பழைய கார்கள் நடுவில் அறுக்கப்பட்டே வந்து சேரும். 'ஹாஃப் கட்' என்று அவற்றுக்குப் பெயர். பின்பாதி இல்லாத ஒரு காரின் முன்னிருக்கையில் அமர்ந்துதான் ஆறாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் எழுதினேன். ஆறு மாதம் ஓடாமல் நின்ற காரை எங்கள் தெருவில் கண்டால், அதற்கு உரியவர் இறந்துவிட்டாரா என்று விசாரிப்பார்கள். அங்கே நின்றுபோன பொருளுக்கு உடனே வேறொரு பயன் கண்டுபிடிக்கப்படும். இங்கே அதற்குப் பொட்டு வைக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படிக்க வந்து பதினைந்து மாதங்கள் ஆகியும் இந்த வேறுபாட்டுக்கு நான் பழகவில்லை. எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியபோது இங்கேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணனின் மகள்தான் இந்த ருக்மணி அத்தை. வயது ஐம்பத்தாறு, கணவரை இழந்து எட்டு ஆண்டுகளாகத் தனியே உப்பளத்தை நடத்துகிறார். அவர் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கல்லூரி போய்வந்துகொண்டிருந்தேன்.

கற்பூரம் அணைவதற்குள் அத்தையின் மகன் செல்வம் விஷயத்துக்கு வந்தார். வானூரில் அரசு எழுத்தர். எதையும் தேதி போட்டே பேசுவார்.

"அம்மா, அந்த ஈசிஆர் ஓட்டல்காரரு மறுபடியும் போன் பண்ணாரு. முன்பக்கம் மட்டும் போதுமாம். அறுத்து எடுத்துக்கினு போயி சுவத்துல பதிச்சு, லைட்டு போடுவாராம். சுவத்த இடிச்சிக்கினு வண்டி வர்ற மாதிரி இருக்குமாம்."

"பின்பக்கம்?"

"அது பழைய இரும்புக்குத்தான்."

"நான் இத ஓட்டணும்டா."

"இது ஓடாதும்மா."

"ஓடிச்சுன்னா?"

வண்டியின் பதிவுப் புத்தகம் மாமாவுக்குப் பின் செல்வத்தின் பெயருக்கு மாறியிருந்தது. ஆகவே நிபந்தனையும் அவருடையதாயிற்று. ஜனவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டல்காரர் அறுக்கும் ஆட்களுடன் வருவார். அதற்குள் வண்டி கொட்டகையிலிருந்து தார்ச்சாலை வரை தானாக ஓடி வந்தால் அது அத்தைக்கு. யாரும் தள்ளக் கூடாது. கை வைத்தால் ஓட்டல்காரருக்கு.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அன்று மாலை தெரிந்துகொண்டேன். புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து மாமா வாங்கியது அது. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, இடப்பக்கம் ஸ்டியரிங். நம் இரு நாடுகளிலும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறோம் அல்லவா? அப்படியிருக்க, இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப்பார்த்து வழி சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகள் அத்தை அங்கே உட்கார்ந்து "போலாம்", "இருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருநாள், வழி சொல்லத் தெரிந்தவளுக்கு ஓட்டவும் தெரியும் என்று மாமாவிடம் வாதாடி ஜெயித்தார். மூன்று நாள் வரப்பிலே ஓட்டிப் பழகினார். நான்காம் நாள் வலப்பக்கத்தில் ஆளில்லாமல் ஓட்டி, உப்புப் பாத்திக்குள் இறக்கிவிட்டார்.

"இனிமே இது வெளியே வராதுன்னாரு. சொன்ன மாதிரியே செஞ்சாரு, மனுஷன்" என்று சிரித்தார் அத்தை. "நாலாவது நாளு இன்னும் பாக்கி இருக்குது யமுனா."

மெக்கானிக் அந்தோணி பொம்மையார்பாளையத்திலிருந்து வந்தார். மழை தொடங்கிவிட்டதால் வரப்பு சேறாகிவிட்டது. வண்டியை அவரிடம் கொண்டுபோக வழியில்லை. ஆகவே கருவிப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஞாயிறுதோறும் தார்ச்சாலையிலிருந்து அவரே நடந்து வந்தார். முதல் நாள் விரலால் பானெட்டைத் தடவி முகர்ந்து பார்த்து, "இன்னாம்மா இது, மீன் வாசன அடிக்குது?" என்றார். அனுமந்தையில் படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை ஆண்டுதோறும் வாங்கி வண்டி முழுக்கப் பூசியிருக்கிறார் அத்தை. அந்தோணி மரியாதையோடு தலையசைத்தார். வெளித்தகடு துருவின்றி இருந்தது. பிறகு கதவைத் திறந்தார். இருக்கைகள் மீதும் கால்வைக்கும் இடத்திலும் ஏழு சாக்கு மூட்டைகள்.

"இது என்ன மூட்ட?"

"உப்பு. ஈரத்த உறிஞ்சிக்கும்ல? வருஷா வருஷம் புதுசா மாத்திடுவேன்" என்றார் அத்தை, பெருமை குறையாமல்.

அந்தோணி ஒரு மூட்டையைத் தூக்கினார். அதனோடு வண்டியின் அடித்தகடும் அப்பளம்போல் நொறுங்கி வந்தது. அந்த ஓட்டை வழியே தரையில் ஒரு நண்டைப் பார்த்தோம். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஊர்ல எல்லாரும் உப்புக் காத்து படாம வண்டிய ஒளிச்சு வைப்பாங்க. நீங்க உப்பயே சீட்ல குந்த வச்சிருக்கீங்க!"

"கருவாடு கெட்டுப்போவுதா? ஊறுகா கெட்டுப்போவுதா?"

"வண்டிய சோத்துக்குத் தொட்டுக்கப் போறீங்களாம்மா?"

இயந்திரம் இறுகிப் போயிருந்தது. அந்தோணி பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, அடுத்த ஞாயிறுவரை யாரும் கைவைக்கக் கூடாது என்றார். கழற்றிய உறுப்புகளுக்குச் சீட்டெழுதி ஒட்டுவது என் பொறுப்பு. அகராதி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கலைச்சொல்லை அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் வந்த அந்தோணி, 'எரிவளிக் கலப்பி' என்ற சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தங்கச்சி, இது யாரோட ஜாதகம்?" என்றார். நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளையும் மறுபடி எழுதினேன். கார்பரேட்டர் கார்பரேட்டராயிற்று.

வாரம் ஒருமுறை பேசும் அப்பா, செய்தி கேட்டுத் தொலைபேசியில் பெருமூச்சுவிட்டார். "பதினேழு வருசமா? ரப்பர் எல்லாம் காஞ்சி போயிருக்கும்லா. முன்னுக்கு நல்லா இருந்தா வெட்டிக் கொடுத்துரச் சொல்லும்மா." நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கு அது இயல்பு. வகுப்பில் வருகைப் பதிவின்போது என் குரல் கேட்காமல் இருமுறை ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்துக் கிள்ளானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரேக்குக்கு வேண்டிய ரப்பர் வளையங்கள், கார்பரேட்டருக்கான காஸ்கெட்டுகள், கூடவே ஒரு வரி: 'வெட்டாவிட்டால் இதெல்லாம் தேவைப்படும்.'

தார் டிரம் ஒன்றைப் பிரித்து, அடித்தகடாக ரிவெட் அடித்தார் அந்தோணி. கொட்டகையில் வெல்டிங்குக்கு மின்சாரம் இல்லை. எலி தின்ற ஒயர்கள் மாறின, டயர்கள் மாறின. பெட்ரோல் தொட்டி சல்லடையாகியிருந்ததால் ஒரு பிளாஸ்டிக் கேனை முன்னால் கட்டிக் குழாய் விட்டார். டிசம்பர் இருபத்தாறாம் தேதி யாரும் வேலை செய்யவில்லை. சுனாமியில் கடல் உள்ளே வந்து அன்றோடு ஓராண்டு. இருபத்தெட்டாம் தேதி காலை, இருமி, புகைந்து, மறுபடி இருமி, இயந்திரம் ஓடியது. அத்தை கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

பிறகுதான் எல்லோருக்கும் அந்த அசட்டுத்தனம் உறைத்தது. வண்டி ஓடுகிறது, ஓட வழியில்லை. கொட்டகையிலிருந்து தார்ச்சாலைக்கு நானூற்று எழுபது தப்படி. முழுவதும் மழையில் ஊறிய களிமண் வரப்பு. வெயிலில் காய்ந்து இறுக ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு இருந்ததோ பத்து நாள்.

"அதுக்கு ஏம்மா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? மிதிச்சுட்டாப் போவுது" என்றார் குப்பம்மா. உப்பளத்துப் பெண்களின் மேஸ்திரி அவர். பருவம் தொடங்கும்போது பாத்தியின் அடிமண்ணை மணல் தூவிக் காலால் மிதித்து, நீர் இறங்காத தரையாக இறுக்குவது இவர்கள் வேலை. அதையே வரப்புக்குச் செய்தார்கள். பதினான்கு பெண்கள் தோளோடு தோள் சேர்த்து, குதிகாலை ஊன்றி, அரையடி அரையடியாக நகர்ந்தார்கள். பதினைந்தாவதாக நானும் சேர்ந்தேன். "பாப்பா பூவ மிதிக்கிற மாதிரி மிதிக்குது பாரு" என்று ஒருத்தி சொல்ல, வரிசையே குலுங்கிற்று. ஆறு நாளில் என் குதிகால்கள் வெடித்தன. வரப்போ சிமெண்ட் போல் ஒலித்தது.

"ரோடு போட்டாச்சு முதலாளிம்மா. இனிமே எங்களக் கேட்டுத்தான் போவணும்" என்றார் குப்பம்மா.

ஜனவரி எட்டாம் தேதி காலை ஒன்பது மணி. தார்ச்சாலையில் செல்வமும், ஓட்டல்காரரும், அறுக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் இருவரும் நின்றார்கள். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடப்பக்கம் ஏறினார். நான் வலப்பக்கம். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது விசித்திரமாக இருந்தது. அத்தைக்குத் தெரியாத வலது ஓரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வலது பக்கம் ஒன்றரைச் சாண் இருக்கு அத்தை. இப்போ ஒரு சாண், நாலு விரல்..."

"சாணு வெரலெல்லாம் வோணாம்டி! எடம் இருக்குதா, இல்லியா?"

"இருக்கு."

"வாயில இன்னா வச்சிருக்க? கத்திச் சொல்லு!"

முந்நூறாவது தப்படிக்குச் சற்று முன் பின்சக்கரம் புதைந்தது. இயந்திரம் திணறிற்று. பெண்கள் ஓடிவந்தார்கள், பதினான்கு ஜோடிக் கைகள் வண்டியை நோக்கி நீண்டன. "யாரும் தொடாதீங்க! தொட்டா கணக்குல வராது!" என்று சாலையிலிருந்து கத்தினார் செல்வம். கைகள் அந்தரத்தில் நின்றன. ஓட்டல்காரர் புன்னகைத்தது அங்கிருந்தே தெரிந்தது.

குப்பம்மா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடலப்பா! மண்ணத்தான மிதிக்கிறோம்!"

மணல் விழுந்தது, ஓலை விழுந்தது. கைகளைப் பின்னால் கட்டியபடி பதினான்கு பேரும் சக்கரத்துக்கு முன்னால் மிதித்தார்கள், விலகினார்கள். "அம்மா, மெதுவா கிளட்ச்ச விடுங்க, மெதுவா!" என்று கூடவே ஓடினார் அந்தோணி. சக்கரம் ஓலையைக் கவ்வியது. வண்டி ஒரு குலுக்கலில் மேலேறியது. மீதித் தூரம் எனக்கு நினைவில்லை. "இருக்கு, இருக்கு, இருக்கு" என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

தார்ச்சாலையில் அத்தை நிறுத்துவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் செல்வத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, அனுமந்தைப் பக்கம் திருப்பினார். "அம்மா! லைசென்ஸ் இல்ல உனக்கு! நான் கவர்மெண்ட் ஆளும்மா!" என்ற குரல் பின்னால் தேய்ந்தது. முன்னால் ஓர் உப்பு லாரி போய்க்கொண்டிருந்தது. அத்தைக்கு அதன் முதுகு மட்டுமே தெரியும். எதிர்ச்சாலை முழுவதும் எனக்குத்தான் தெரியும். ஒரு பஸ் போகக் காத்திருந்தேன். பிறகு, என் வாழ்நாளில் அதுவரை வெளிவராத ஒரு குரலில், "போலாம்!" என்று கத்தினேன். அத்தை போனார்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பியபோது அறுக்கும் ஆட்கள் இல்லை. செல்வம் மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மாவைத் திட்ட வாயெடுத்தவர், "பிரேக்கு பிடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மாதிரி பிடிக்குது" என்றார் அத்தை. "லைசென்ஸுக்கு எங்க எழுதிக் கொடுக்கணும், சொல்லு."

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழரை பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால் வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பாடநூல் விரிந்திருந்தது, நான் படிக்கவில்லை. ஒரு லாரியின் பின்னால் பஸ் வேகம் குறைத்தபோது, என்னையறியாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிர்ச்சாலையைப் பார்த்து, "போலாம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் திடுக்கிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாமே தெரியும்.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்த ஊரு பொண்ணு நீ?" என்று கேட்டாள்.

"மரக்காணம்" என்றேன்.

"அது ஏறும்போதே பாத்தேன். அதுக்கு முன்னாடி?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்னால் இன்னொரு லாரி வந்துவிட்டது. உடம்பைப் பஸ்ஸுக்குள் விட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிரில் என்ன வருகிறதென்று பார்த்தேன்.